தெரியலைங்க டாக்டர்

கொல்லிமலையில் ஆலத்தூர் நாட்டுப் பெண்கள் அந்த டாக்டரம்மாவுக்கு வைத்திருந்த பெயர் ‘தெரியலைங்க டாக்டர்’. எங்கள் வண்டி அந்தச் சிற்றூரின் எல்லையில் திரும்பும்போதே மரவள்ளிக் காட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கிளம்பும். “ஏய், தெரியலைங்க டாக்டரு வந்துட்டாங்க, கை கழுவிட்டு வாங்கடி!” ஒளிவுமறைவெல்லாம் கிடையாது. அவர் காதில் விழவேண்டும் என்றே கத்துவார்கள். அவர் முன்சீட்டில் கண்ணை மூடியபடி உட்கார்ந்திருப்பார். காளப்பநாயக்கன்பட்டி தாண்டி மலை தொடங்கியதும் மூடிய கண் அது. கொண்டையூசி வளைவுகள் அவருக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. வாரம் தவறாமல் ஏறினார், வாரம் தவறாமல் வாந்தி எடுத்தார். மேலே வந்து இறங்கி, வாயைக் கொப்பளித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, “யாரு முதல்ல?” என்பார்.

அவருக்குச் சொந்த ஊர் நாகப்பட்டினம் பக்கம். வந்த புதிதில் ‘தெரியல’ என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம். ‘ங்க’ இந்த மலை கொடுத்தது.

எங்கள் டிரைவர் முருகேசண்ணன் அவரை வம்புக்கு இழுப்பதையே பொழுதுபோக்காக வைத்திருந்தார். ஒருநாள் வானம் கருகருவென்று தலைமேல் தொங்குகிறது.

“ஏனுங்க டாக்டர், மழை வருமுங்களா?”

அவர் கண்ணைத் திறந்து மேலே பார்த்தார். “தெரியலைங்க.”

“என்னங்க நீங்க, கும்முனு நிக்குது பாருங்க!”

“நிக்குது, பாத்தேன். பெய்யுமான்னுதானே கேட்டீங்க?”

முருகேசண்ணன் ஸ்டியரிங்கில் அடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை அவர்.

நான் அப்போது எம்.எஸ்சி. முடித்த சூட்டில் இருந்தேன். சேந்தமங்கலத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் என் அத்தா, “மலையேறி மாத்திரை குடுக்கவா இத்தனை படிச்ச?” என்று தினமும் கேட்டார். எனக்கோ ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டாலே கால் தரையில் நிற்காது. மாதம் நிறைவதற்கு முன்பே சில பெண்களுக்கு ஏன் வலி கண்டுவிடுகிறது, தினம் ஒரு மாத்திரை கொடுத்தால் அதைத் தடுக்க முடியுமா? இதுதான் எங்கள் ஆராய்ச்சி. சென்னையில் இருந்த பெரிய டாக்டர்கள் நடத்தினார்கள். கொல்லிமலைக்குப் பொறுப்பு இவர். நான் இவருக்கு உதவியாள். குறைமாதப் பிள்ளைகளை இழந்த பெண்கள் இந்த மலையில் எத்தனையோ பேர். நாம் ஒரு கை பார்த்துவிடலாம் என்று நான் நினைத்தேன். ஆராய்ச்சி முடிந்து பதில் வந்து, மலையெங்கும் தொட்டில் ஆடுவது வரைக்கும் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

எதைக் கேட்டாலும் தெரியலை என்பதால் அவரை அரைகுறை டாக்டர் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அவருடைய கையை நான் பார்த்திருக்கிறேன். ஸ்கேன் எடுக்கும்போது வயிற்றில் தடவும் ஜெல்லி மலைக்குளிரில் ஐஸாக இருக்கும் என்று அந்தப் பாட்டிலை முன்னதாகவே தன் அக்குளில் இடுக்கி வைத்துக்கொண்டுதான் பேச உட்காருவார். துடைத்துவிடும் வேலையை யாரிடமும் விடமாட்டார். திரையில் பிள்ளையின் இதயம் துடிப்பதைக் காட்டுவார். கருப்பையின் வாய் எவ்வளவு நீளம் மூடியிருக்கிறது என்று அளப்பார். “இது சுருங்கிக்கிட்டே வந்தா வலி முன்னாடியே வரலாம்” என்பார். வரலாம். அத்தோடு சரி. வருமா, எப்போது வரும், ஏன் வரும் என்று கேட்டால் அந்தப் புகழ்பெற்ற பதில்.

ஒருமுறை ஒரு மாமனார் மருமகளை அழைத்துவந்தார். காதில் கடுக்கன், தோளில் துண்டு, அவசரம். “பையனா பொட்டப்புள்ளையான்னு மட்டும் சொல்லிப்போடுங்க, அக்கட்டால போயிர்றேன்.”

“அது தெரியும். சொல்லமாட்டேன். சட்டம் விடாது” என்றார் டாக்டரம்மா.

பெரியவர் வெளியே வந்து கூடியிருந்தவர்களைப் பார்த்துக் கையை விரித்தார். “இந்தம்மாவுக்குத் தெரிஞ்சதே அது ஒண்ணுதானாமா. அதையும் சொல்லமாட்டாங்களாமா!”

அன்று முழுக்க அந்த ஊர் சிரித்தது.

சுகாதார நிலையத்து நர்சக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு இது பிடிக்கவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது நேராகவே கேட்டுவிட்டார். “மேடம், ‘ஒண்ணும் ஆகாது, போ கண்ணு’ன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னங்க? அவளுக ராத்திரி நிம்மதியாத் தூங்குவாளுகல்ல?”

“ஆயிடுச்சுன்னா?”

“ஆனா ஆகுது. அப்ப பாத்துக்கலாம்.”

“அப்ப நான் என்ன பாத்துக்க முடியும்?” என்றார் இவர். நர்சக்கா டிபன்பாக்ஸை டப்பென்று மூடினார்.

கோகிலா எங்கள் ஆராய்ச்சிக்குள் வந்தது அந்தச் சமயத்தில்தான். என் வயதுதான் இருக்கும். கணவன் ராசு அன்னாசிப்பழ லோடு ஏற்றும் ஜீப் ஓட்டினான். இரண்டு பிள்ளைகள் அவளுக்கு மாதம் நிறையாமலே பிறந்து, பிறந்த அன்றே போயிருந்தன. மூன்றாவதாக முழுகாமல் இருந்தாள். வந்து உட்கார்ந்ததும் கேட்டாள். “டாக்டரம்மா, இதாச்சும் தங்குமுங்களா?”



“தெரியலைங்க” என்றார் அவர். “தங்க வைக்கப் பாக்குறோம்.”

கோகிலா, எனக்கு ஆச்சரியமாக, சிரித்தாள். “போன தடவ டவுன்ல ஒரு டாக்டரு ‘கவலையே படாத’ன்னாரு. அதுக்கு முந்தி ஒரு சாமியாடி ‘நாங் காப்பாத்துறேன்’னு திருநீறு போட்டாரு. நீங்க ஒருத்தருதான் தெரியாததத் தெரியாதுன்னு சொல்றீங்க. உங்க மாத்திரையே குடுங்க.”

மாத்திரை கொடுப்பதற்குமுன் சொல்லவேண்டிய விவரம் ஒன்று இருந்தது. இந்த ஆராய்ச்சியில் பாதிப் பேருக்கு நிஜ மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறம், அதே வடிவத்தில் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற எங்களுக்கும் தெரியாது. அந்தப் பட்டியலைச் சென்னையில் பூட்டி வைத்திருப்பார்கள். கடைசியில் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டால்தான் மருந்து வேலை செய்கிறதா என்று தெரியும். மற்ற இடங்களில் இதை எப்படிச் சொன்னார்களோ, அறியேன். ‘சத்து மாத்திரை மாதிரிதாம்மா’ என்று சுருக்கிச் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்குவதும் உண்டு என்று கேள்வி. இவர் விடமாட்டார். கோகிலாவையும் அதே ஊரில் சேர்ந்திருந்த இன்னும் நான்கைந்து கர்ப்பிணிகளையும் வட்டமாக உட்காரவைத்து, திருப்பித் திருப்பிச் சொன்னார். அவர்கள் வாயாலேயே அதைத் திருப்பிச் சொல்லவும் வைத்தார்.

“அப்ப எனக்கு வர்றது டூப்பாக்கூட இருக்கும்ங்கறீங்க” என்றாள் சரசு. அவளுக்கு அது இரண்டாவது கர்ப்பம். பேச்சில் அவளை யாரும் மிஞ்ச முடியாது.

“இருக்கலாம்.”

“கோகிலாளுக்கு வர்றதும்?”

“இருக்கலாம்.”

“ரெண்டு பறிகுடுத்தவளுக்குமா?”

டாக்டரம்மாவின் முகம் அப்போது மாறியதை நான் பார்த்தேன். சென்னையில் இதே கேள்வியை அவரே கேட்டிருந்தார் என்பது பின்னால் எனக்குத் தெரிந்தது. மருந்து பலன் தரும் என்று இன்னும் நிரூபிக்கப்படாதபோது அதைக் கொடுக்காமலிருப்பது அநியாயமாகாது என்று பதில் வந்ததாம். புத்தகப்படி சரியான பதில்தான். “ஆமாங்க, அவங்களுக்கும்” என்றார் சரசுவிடம். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு பாட்டிலை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு போனார்கள்.

சில வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கோகிலாவின் அளவுகள் நன்றாக இருந்தன. பிள்ளை திரையில் உதைத்தது. என் உற்சாகத்துக்கு அணை போடவே முடியவில்லை. வண்டியில் மலை இறங்கும்போதெல்லாம், “மேடம், கோகிலாளுக்கு நிஜ மருந்துதான் போயிருக்கு, பந்தயம்!” என்பேன். அவர் கண்ணை மூடியபடியே, “தெரியாததுமேல பந்தயம் கட்டாதே” என்பார்.

ஒருநாள் காலையில் சொல்லாமல் போய் நின்றேன். கோகிலாவின் வீட்டு வாசலில் பெண்கள் ஒரு முறத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். காப்பிக்கொட்டை பொறுக்குகிறார்கள் என்று நினைத்தேன். முறத்தில் இருந்தவை எங்கள் மாத்திரைகள். எல்லாப் பாட்டில்களையும் ஒன்றாகக் கொட்டி, கையால் கலந்து, கோகிலா சின்னச் சின்னக் குவியலாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“ஐயோ, என்னக்கா பண்றீங்க!”

யாரும் பதறவில்லை. மறைக்கவும் இல்லை. “வா கண்ணு, உக்காரு. புது பாட்டிலு வந்துச்சல்ல, கூறு போடறோம்” என்றாள் சரசு.

“கூறா?”

“பின்ன? பாதிப் பேருக்கு நெசம், பாதிப் பேருக்கு டூப்புன்னு டாக்டரம்மாதான சொன்னாங்க. நெசம் வந்தவ மட்டும் முழுசாத் தின்னுபோட்டு, இன்னொருத்தி வெறுங்கையோட நிக்கறதா? கோயில்ல கிடா வெட்டுனா நாங்க எப்படிப் பிரிப்பமுன்னு உனக்குத் தெரியாதா? ஊட்டுக்கு ஒரு கூறு. முழுகாம இருக்கறவ ஊடுன்னா வயித்துல இருக்கறதுக்கும் சேத்து இன்னொரு கூறு. கறிக்கே அப்படி. மருந்துக்கு?”

“மொதல் பாட்டில்லருந்தே இப்படித்தான்” என்றாள் கோகிலா, பெருமையாக. “நாந்தாஞ் சொன்னேன். எனக்குத்தான் ரொம்ப வேணும். அதுக்குன்னு நெசத்த நானே அமுக்கிக்கலாமா சாமி?”

கலந்தபின் ஒவ்வொருத்திக்கும் சில நாள் மருந்து, சில நாள் வெறும் மாத்திரை. எந்த நாள் எது என்று இனி யாராலும் சொல்லமுடியாது. நாள் விட்டு நாள் சாப்பிடுகிற மருந்து வேலை செய்யுமா? தினமும் உடம்பில் இருக்கவேண்டிய மருந்து அது. நான் ஓடிப்போய் டாக்டரம்மாவுக்குப் போன் செய்ய டவர் கிடைக்கும் மேட்டைத் தேடினேன்.

அவர் மறுநாளே ஏறிவந்தார். திட்டுவார் என்று நான் காத்திருந்தேன், ஒருவகையில் அதை விரும்பவும் செய்தேன். அவர் முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு குவியலைக் கையில் எடுத்துப் பார்த்தார். “நான் சொன்னது நல்லாப் புரிஞ்சிருக்கு இவங்களுக்கு” என்றார் என்னிடம். “புரியாம இருந்திருந்தா ஆளுக்கு அவங்கவங்க பாட்டிலைச் சாப்பிட்டிருப்பாங்க.” அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“தப்புப் பண்ணிப்போட்டமுங்களா?” என்று கேட்டாள் கோகிலா. அவள் பெருமை எல்லாம் அப்போது இறங்கியிருந்தது.

“உங்களைத் தப்பு சொல்லமாட்டேன். ஆனா இனிமே கலக்காதீங்க.”

“கலந்ததுனால என் புள்ளைக்கு ஏதாச்சும்…?”

“தெரியலைங்க.”

அந்த ஊரை ஆராய்ச்சியிலிருந்தே நீக்கிவிட்டதாகச் சென்னையிலிருந்து தகவல் வந்தது. மாத்திரை விநியோகம் நின்றது. டாக்டரம்மா விடவில்லை. கோகிலாவுக்கு மட்டும் நிஜ மருந்தையே எழுதிக்கொடுத்து, நாமக்கல்லில் வாங்கி, தன் கையாலேயே கொண்டுவந்து தந்தார். இப்போதாவது நிஜம் என்று தெரியும். ஆனால் அந்த நிஜம் வேலை செய்யுமா என்று தெரியாமல்தானே இத்தனை பாடும்? அளவுகள் வாரத்துக்கு வாரம் சுருங்கின. கருப்பையின் வாய் மெல்லத் திறந்துகொண்டு வந்தது. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். கோகிலா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஏழாம் மாதம் பிறந்திருந்தது. ஒரு பகல், நல்ல வெயில். ராசு ஜீப்பைப் பறக்கவிட்டுக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு வந்தான். வலி கண்டுவிட்டது. அன்று எங்கள் முறை நாள் என்பதால் டாக்டரம்மா மலையில்தான் இருந்தார். பிள்ளையின் நுரையீரல் பலப்படுவதற்கான ஊசியை உடனே போட்டார். அது வேலை செய்ய ஒரு நாளாவது வேண்டும். நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய ஆம்புலன்ஸில் கோகிலாவோடு பின்னால் ஏறினார், நானும் ஏறிக்கொண்டேன். வளைவுகளில் கண்ணை மூடாமல் அவர் இறங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு வளைவில் தன் முந்தானையிலேயே வாந்தி எடுத்து, அதைச் சுருட்டி ஓரமாகத் தள்ளிவிட்டு, கோகிலாவின் வயிற்றிலிருந்து கையை எடுக்காமல் வந்தார்.

“டாக்டரம்மா” என்றாள் கோகிலா. “ஒரே ஒரு தடவ. ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்க.”

நான் அவரையே பார்த்தேன். சொல்லுங்கள் மேடம், சொல்லிவிடுங்கள் என்று எனக்குள் கத்தினேன்.

அவர் உதடு அசைந்தது. “கூடவே இருக்கேன் கண்ணு” என்றார். “இறங்கற வரைக்கும், இறங்கினப்புறமும் கூடவே இருக்கேன்.”

கோகிலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பெண்குழந்தை. உள்ளங்கையில் வைத்தால் மீறாது. கண்ணாடிப் பெட்டிக்குள் கொஞ்ச நேரம் மூச்சு இழுத்தது. பொழுது சாய்வதற்குள் நின்றுவிட்டது. ராசு அதைத் துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டான். டாக்டரம்மா சொன்னபடியே கூட இருந்தார். அந்த இருப்பால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

அதற்குப்பின் அவர் சென்னையிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டார். ஆரம்பத்தில் கோகிலாவுக்குக் கொடுத்த பாட்டில்களில் இருந்தது மருந்தா, வெறும் மாத்திரையா? வெறும் மாத்திரை என்றால், பங்கு போட்டதால் அவளுக்கு லாபம்தான். பாதி மருந்தாவது கிடைத்தது. மருந்து என்றால், அவளுக்குரியதில் பாதியை அவள் கையாலேயே எடுத்துக் கொடுத்திருக்கிறாள். எது என்று ஒரு வார்த்தை. ஆராய்ச்சி முடியும்வரை திறக்கமுடியாது, தெரிந்தால் இனி சிகிச்சையில் மாற்றப்போவதும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். இதுவும் புத்தகப்படி சரியான பதில். ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை. அந்தப் பூட்டு இன்றுவரை பூட்டியபடியே இருக்கிறது.

சில வாரம் கழித்து அவர் மலையேறினார். வேலை ஒன்றுமில்லை அந்த ஊரில். ஆனாலும் போகவேண்டும் என்றார். கோகிலா வாசலில் உட்கார்ந்து மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தாள். ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருந்தது. இன்னும் பால் வற்றவில்லை. பக்கத்தில் சரசு. அவள் மடியில் மாதம் நிறைந்து பிறந்த பையன், கொழுகொழுவென்று தூங்கிக்கொண்டிருந்தான். டாக்டரம்மா எதிரில் தரையில் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டிருந்தேன்.

“கூறு போட்டதுனாலதாங்களா?” என்று கேட்டாள் கோகிலா, தலை நிமிராமல்.

சரசுவின் கை பையன்மேல் அப்படியே நின்றது.

“இல்ல கண்ணு” என்றார் டாக்டரம்மா. கேள்வி முடிவதற்குள்ளேயே சொன்னமாதிரி இருந்தது. “அதனால இல்ல. நிச்சயமா இல்ல.”

நான் திடுக்கிட்டேன். அவர் வாயிலிருந்து ‘நிச்சயமா’ என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. அவள் அந்தப் பாரத்தைச் சுமக்கக்கூடாது என்று சொல்கிறார். அது எனக்குப் புரிந்தது, சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

கோகிலா மிளகை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். அவர் முகத்தைப் படித்தாள். ஸ்கேன் திரையை அவர் பார்த்ததுபோல அவ்வளவு கவனமாக.

“மழை வருமான்னு கேட்டாத் தெரியாதும்பீங்க. புள்ள தங்குமான்னு கேட்டாத் தெரியாதும்பீங்க. வண்டியில உசுரு போறாப்ல கெஞ்சுனேன், அப்பவும் ஒரு பொய்யி சொல்லல. இதுக்கு மட்டும் எப்படிங்க இத்தன வெரசாத் தெரிஞ்சுது?”

டாக்டரம்மா குனிந்து, தரையில் சிதறிய மிளகைப் பொறுக்கத் தொடங்கினார். அவர் சொன்னது உண்மையாகவே இருந்திருக்கலாம். அதுகூட அவருக்குத் தெரியாது.

“அப்ப அதுனாலதான்” என்றாள் கோகிலா. அழவில்லை. ஏதோ ஒரு கணக்குச் சரியாக வந்துவிட்டதுபோல மெதுவாகத் தலையாட்டினாள். பிறகு சரசுவின் பக்கம் திரும்பினாள். குரல் உயரவே இல்லை.

“சரசு, புள்ளையத் தூக்கிட்டு ஊட்டுக்குப் போ.”

“அடியே கோகிலா, நான் என்னடி…”

“உன்னைய ஒண்ணுஞ் சொல்லல. அவன் நல்லா இருக்கட்டும். ஆனா இங்க கொண்டாராத. என்னால பாக்க முடியாது.”

சரசு எழுந்தாள். அசைந்ததில் பையன் விழித்துக்கொண்டு பாலுக்கு வீறிட்டான். கோகிலா சட்டென்று இரண்டு கையையும் மார்பின்மேல் குறுக்கே அழுத்திக்கொண்டு குனிந்தாள். அந்த அழுகை சந்து திரும்பி, மரவள்ளிக் காட்டைத் தாண்டி, காதுக்கு எட்டாமல் போகிறவரை நாங்கள் மூவரும் அப்படியே இருந்தோம்.